ஸ்கிரீனுக்குப் பின்னால் விழுந்த 20: தப்பு என்னுடையதா, ரூலுடையதா?

#1 கதவுக்காரன்

எட்டு மாதமாக டிஎம் (கதையை நடத்தித் தீர்ப்பும் சொல்லும் ஆள்) நாற்காலியில் இருக்கிறேன். டிஎன்டி (Dungeons & Dragons, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகங்கள். நான்கு பேர் கொண்ட குழு. போன மாதம் புது கேம்பெயின் (தொடர்கதை) ஆரம்பித்தோம், எல்லோரும் முதல் லெவல். இரண்டு வாரத்தில் இரண்டு சம்பவம் நடந்துவிட்டது. இரண்டும் ஒரே வியாதியா, வேறு வேறா என்று பிடிபடவில்லை.

முதல் வாரம்: துறைமுக ஊர், தானிய வியாபாரி கொலை. அவருடைய மேசை இழுப்பறைக்கு அடியில் ஒரு கடிதம் ஒட்டி வைத்திருந்தேன். அது கிடைக்காமல் கதை அடுத்த ஊருக்கு நகராது. அறையைத் தேடுகிறோம் என்றார்கள். இன்வெஸ்டிகேஷன் (தேடித் துப்பறியும் திறன்) உருட்டச் சொன்னேன்: இருபது முகப் பகடை, கூட அவரவர் போனஸ், இலக்கு 15. நான்கு பேரும் தோற்றார்கள். அப்புறம் முக்கால் மணி நேரம் மாடிப்படியைத் தட்டிப் பார்த்தார்கள், வீட்டுப் பூனையை விசாரித்தார்கள் (ஒருவன் ட்ரூயிட், மிருகங்களோடு பேசும் மந்திரக்காரன்). கடைசியில் காற்று பலமாக அடித்து இழுப்பறை கீழே விழுந்தது என்று சொல்லிச் சமாளித்தேன். ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது என்று முன்பே நான்தான் சொல்லியிருந்தேன்.

இரண்டாம் வாரம் ஒரு ஓகர், தடி ஏந்திய ராட்சதன். என் அத்தை மகள் முதல் முறையாக விளையாடுகிறாள். விசார்ட் (மந்திரவாதி), 8 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி), ஆர்மர் கிளாஸ் (அவளை அடிக்க எட்ட வேண்டிய எண்) 12. ஓகர் அவள் பக்கம் திரும்பியது. என் முன்னால் நிற்கும் மறைப்பு அட்டையான ஸ்கிரீனுக்குப் பின்னால் உருட்டினேன், 20 விழுந்தது, அதாவது கட்டாயம் படும் பலமான அடி. ‘அடி தவறிவிட்டது’ என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் பகடையைப் பார்த்துவிட்டான். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. டீ குடிக்கும்போது மெதுவாகக் கேட்டான்: “அப்புறம் எதுக்குடா உருட்டுற?”

நான்கு நாளாக அந்தக் கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

#2 நிலவறைத்தாத்தா

தம்பி, ஜன்னல் விஷயத்துக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். அந்த நாற்காலியில் இருந்த எல்லோரும் ஒரு முறையாவது அந்தக் காற்றை வீச வைத்திருப்போம்.

கடிதத்துக்கு உருட்டச் சொன்னதே தப்பு. 1974இல் வந்த முதல் டிஎன்டியின் மூன்று சிறு புத்தகங்களில் ‘இன்வெஸ்டிகேஷன்’ மாதிரித் திறன் பட்டியலே கிடையாது. (ரகசியக் கதவுக்கு ஆறு முகப் பகடை உண்டு, அதைச் சொல்லி யாரும் என்னை மடக்க வேண்டாம்.) ‘இழுப்பறையை வெளியே இழுத்து அடியில் தடவிப் பார்க்கிறேன்’ என்று ஆள் சொன்னால் கடிதம் கிடைக்கும். சொல்லாவிட்டால் கிடைக்காது. பார்த்துத் தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை. பழைய பாணி ஆட்டத்துக்கு மாட் ஃபிஞ்ச் 2008இல் இலவசமாக வெளியிட்ட கையேட்டின் சாரமே இதுதான்: ரூலைத் தேடாதே, தீர்ப்பைச் சொல்.

ஓகர் விஷயத்தில் எனக்கு இரக்கம் கிடையாது. உருட்டினால் விழுந்தது விழுந்ததுதான். தாயக்கட்டையை உருட்டிவிட்டு, விழுந்தது பிடிக்கவில்லை என்று எங்கள் ஆச்சி முன்னால் திருப்பி வைத்திருந்தால் கை முறிந்திருக்கும்.

#3 எண்கணக்கு

கோபப்படுவதற்கு முன்னால் கணக்குப் போட்டுப் பார்ப்போமே.

கடிதம்: உங்கள் நான்கு பேருடைய போனஸ் எனக்குத் தெரியாது. ஒருவருக்கு +5, மற்றவர்களுக்கு +2, +1, 0 என்று வைத்துக்கொள்கிறேன். இலக்கு 15க்குத் தோற்கும் வாய்ப்பு முறையே 45, 60, 65, 70 சதவீதம். நான்கையும் பெருக்கினால் 12 சதவீதம் சொச்சம், அதாவது எட்டுக்கு ஒன்று. இது அபூர்வ துரதிர்ஷ்டம் இல்லை. இப்படி எட்டுப் பூட்டு போட்டுக் கதை எழுதினால் ஒரு பூட்டாவது மாட்டிக்கொள்ளும் என்றுதான் எதிர்பார்க்க வேண்டும்.

ஓகர்தான் இன்னும் சுவாரசியம். அதன் தாக்குதல் +6. ஆர்மர் கிளாஸ் 12ஐத் தொட 6 விழுந்தால் போதும், அதாவது 75 சதவீதம். சேதம் இரண்டு எட்டு முகப் பகடை, கூட 4. சராசரி 13. எட்டுப் பாயிண்ட் விசார்ட் எந்த சராசரி அடியிலும் சுருண்டு விழுவாள். பூஜ்யத்துக்கு வந்த பிறகும் மிச்சமிருக்கும் சேதம் அவளுடைய முழு ஹிட் பாயிண்ட் அளவு இருந்தால் உடனடிச் சாவு, அதாவது மொத்தம் 16. சாதாரண அடியிலேயே 16ஐத் தொட 64இல் 15 வாய்ப்பு இருக்கிறது. 20 விழுந்தால் பகடை இரட்டிப்பாகும், சாவு ஏறத்தாழ 92 சதவீதம்.

எல்லாவற்றையும் கூட்டினால் ஓகர் தடியை ஓங்கும் ஒவ்வொரு முறையும் அவள் அங்கேயே சாக 21 சதவீத வாய்ப்பு. அதில் 20 என்ற எண்ணிலிருந்து வருவது 5 சதவீதத்துக்கும் குறைவு. மீதி 16 சொச்சம் சாதாரண அடியிலிருந்து வருகிறது.

நீங்கள் 20ஐ மறைத்ததால் 20தான் வில்லன் என்று நினைக்கிறீர்கள். அது 14 ஆக இருந்திருந்தாலும் இதே சங்கடத்தில்தான் இருந்திருப்பீர்கள். புத்தகக் கணக்கிலும் ஓகர் 450 புள்ளி. நான்கு முதல் லெவல் ஆட்களுக்கு ‘உயிராபத்து’ எல்லையே 400தான்.

#4 கதவுக்காரன்

எண்கணக்கு சார், இதை நான் ஓகரை வைப்பதற்கு முன்னால் படித்திருக்க வேண்டும். போனஸ் ஏறத்தாழ நீங்கள் சொன்னதுதான்.

தாத்தாவிடம் ஒரு சந்தேகம். 2014 டிஎம் கையேட்டிலேயே ஸ்கிரீனுக்குப் பின்னால் உருட்டினால் முடிவை மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்கிறதே? அடிக்கடி செய்யாதே, செய்வதை வெளியே காட்டாதே என்று அறிவுரையும் இருக்கிறது. புத்தகமே சொன்னதைச் செய்ததற்கா இந்தக் குற்ற உணர்ச்சி?

#5 மூன்றுஉயிர்

நான் டிஎம் இல்லை, எப்போதும் பிளேயர்தான். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று.

எங்கள் பழைய குழுவில் இரண்டு வருடம் ஒரு பலாடினை (புனித வீரன்) வைத்திருந்தேன். நான்கு தடவை மயிரிழையில் தப்பினேன். ஒவ்வொரு தடவையும் மறுநாள் ஆபீசில் கதை சொல்லி அலுக்க வைத்திருக்கிறேன். கேம்பெயின் முடிந்த அன்று, ‘நாலு தடவையும் நான்தான் காப்பாத்தினேன் தெரியுமா’ என்று டிஎம் சிரித்துக்கொண்டே சொன்னார். நல்ல மனிதர், அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நான்கு கதையும் அன்றோடு போய்விட்டது. இன்றுவரை யாரிடமும் நான் அவற்றைச் சொன்னதில்லை.

‘வெளியே காட்டாதே’ என்று அந்தப் புத்தகம் சொல்வதற்குக் காரணம் இதுதான் என்றால், காட்டினால் உடையும் ஒன்றை எதற்குச் செய்ய வேண்டும்?

#6 நிலவறைத்தாத்தா

மூன்றுஉயிர் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

#7 ஏழுமுதல்ஒன்பது

எனக்கு நிறைய இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதவுக்காரன், உங்கள் இரண்டு சம்பவமும் ஒரே வியாதிதான். இரண்டிலும் நீங்கள் பகடையிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். வரக்கூடிய இரண்டு பதிலில் ஒன்றை ஏற்றுக்கொள்ள நீங்கள் தயாராக இல்லை. கடிதம் கிடைக்கவில்லை என்ற பதிலோடு உங்களால் ஆட்டத்தை நடத்த முடியாது. அத்தை மகள் செத்தாள் என்ற பதிலோடும் முடியாது. முதல் தடவை காற்றை வீச வைத்தீர்கள், இரண்டாம் தடவை பொய் சொன்னீர்கள்.

இதில் உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எப்போது உருட்ட வேண்டும் என்பதை ஐந்தாம் பதிப்பு உங்கள் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. முடிவில் சந்தேகம் இருந்தால் உருட்டு என்கிறது, 5 மிகச் சுலபம், 30 ஏறத்தாழ அசாத்தியம் என்று இலக்குப் பட்டியல் தருகிறது. தோற்றால் என்ன நடக்கும் என்ற இடத்தில் குரல் கம்மிவிடுகிறது. ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்பதுதான் பெரும்பாலான டிஎம்கள் சொல்லும் பதில். நான்கு பேர் முக்கால் மணி நேரம் பூனையை விசாரித்தது அந்த ‘ஒன்றும் நடக்கவில்லை’யால்தான்.

இந்த ஓட்டையை அடைக்கவே சில ஆட்டங்கள் பிறந்தன. ராபின் லாஸ் 2007இல் கொண்டுவந்த கம்ஷூ விதிமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். துப்பறியும் கதையில் துப்பு கிடைக்குமா என்பது கேள்வியே இல்லை, கிடைத்த துப்பை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி என்று அவர் முடிவு செய்தார். உரிய திறன் உள்ள ஆள், உரிய இடத்தில், தேடுகிறேன் என்று சொன்னால் போதும், முக்கியத் துப்பு கையில். கூடுதல் விவரம் வேண்டுமானால் புள்ளி செலவு. உங்கள் கடிதம் அங்கே முதல் நிமிடத்தில் கிடைத்திருக்கும்.

வின்சென்ட் பேக்கரும் மெகி பேக்கரும் 2010இல் கொடுத்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் வேறு வழியில் போகிறது. இரண்டு ஆறு முகப் பகடை. 10 அல்லது அதற்கு மேல் முழு வெற்றி. 7 முதல் 9 வரை வெற்றி, ஆனால் விலை உண்டு. 6 அல்லது அதற்குக் கீழே என்றால் ஜிஎம் (டிஎம்முக்கு மற்ற ஆட்டங்களில் உள்ள பொதுப் பெயர்) கை ஓங்கும். கூடுதல் எதுவும் இல்லாத ஆளுக்கு 36இல் 6 முழு வெற்றி, 15 நடுவாந்திரம், 15 சிக்கல். +1 இருந்தால் 10, 16, 10. அந்த நடுப்பகுதிதான் ஆட்டத்தின் உயிர் (என் பெயர் அங்கேயிருந்து வந்ததுதான்). ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்ற பதிலே விதியில் கிடையாது.

அதைவிட முக்கியம், அங்கே ஜிஎம் பகடையைத் தொடவே மாட்டார். அவருக்கும் ரூல் உண்டு: எப்போது பேசலாம், எந்த மாதிரி நடவடிக்கை எடுக்கலாம், எதை மனதில் வைத்து எடுக்க வேண்டும் என்று. ஸ்கிரீன் எதற்கு? மறைக்க ஒன்றும் இல்லையே.

#8 நிலவறைத்தாத்தா

ஏழுமுதல்ஒன்பது, வாதம் அழகாக இருக்கிறது. ஆனால் ஜிஎம்முக்கும் ரூல்புத்தகம் கொடுத்து இன்ன நேரத்தில் இன்னது செய் என்று சொல்லிவிட்டால் அந்த நாற்காலியில் மனிதன் எதற்கு?

#9 சுவடி

தாத்தாவின் கேள்விக்கு வயது ஏறத்தாழ 150. மிகைப்படுத்தவில்லை.

பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி 1824இல் ஒரு போர் விளையாட்டைக் கொண்டுவந்தார். அப்பா 1812இல் செய்ததை மகன் மெருகேற்றினார். வரைபடம், படைக் கட்டைகள், பகடை, சேதப் பட்டியல்கள். நடுவில் ஒரு நடுவர். இரண்டு பக்கமும் ஆணையை அவரிடம்தான் எழுதித் தரும். ஒரு தளபதிக்கு எது கண்ணில் படுமோ அதை மட்டும் அவர் சொல்வார். இன்றைய ஜிஎம்மின் கொள்ளுத்தாத்தா அவர்.

ஆண்டுகள் போகப் போகப் பட்டியல் பார்த்துக் கணக்குப் போடுவதிலேயே நேரம் கழிகிறது என்று அதிகாரிகள் முனகினார்கள். 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி ஒரே போடாகப் போட்டார்: பகடையையும் பட்டியலையும் தூக்கிவிடு, அனுபவசாலியான நடுவர் பார்த்து முடிவு சொல்லட்டும். இதற்குச் ‘சுதந்திர’ முறை என்று பெயர் வந்தது. தாத்தா கட்சி அதுதான்.

ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. அந்த நடுவர் நிஜப் போரைப் பார்த்தவர். காலாட்படை ஒரு மேட்டை ஏற எவ்வளவு நேரமாகும் என்பது அவர் உடம்புக்கே தெரியும். நம்மில் யாரும் ஓகரோடு சண்டை போட்டதில்லை. அதனால் நம் தீர்ப்பு அனுபவத்திலிருந்து வருவதில்லை. அன்றைய மனநிலை, யார் மேல் பிரியம், மணி எத்தனை என்பதிலிருந்தெல்லாம் வருகிறது. கதவுக்காரனின் 20 மறைந்தது அப்படித்தான்.

இன்னொரு கதை, இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1969இல் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலத்து ஜெர்மன் ஊர் ஒன்றை வைத்து பிரவுன்ஸ்டைன் என்ற ஆட்டம் நடத்தினார். படைகளுக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு பாத்திரம் கொடுத்திருந்தார். ஆட்கள் அவர் போட்ட திட்டத்தை மதிக்காமல் அங்கங்கே கூடிச் சதி பேச ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் வந்து, நாங்கள் ஒற்றைக்கு ஒற்றை சண்டை போடப் போகிறோம் என்றார்கள். அதற்கு அவரிடம் ரூலே இல்லை, அங்கேயே ஒன்றைக் கட்டினார். ஆட்டம் பாழாகிவிட்டது என்று நினைத்து அவர் வீட்டுக்குப் போனார். விளையாடியவர்களோ இன்னொன்று நடத்து என்று நச்சரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த டேவ் ஆர்னெசன்தான் பிறகு பிளாக்மூர் என்ற ஆட்டத்தை நடத்தி, கேரி கைகேக்ஸோடு சேர்ந்து டிஎன்டியைக் கொடுத்தவர்.

ஆக, ரூல் தீரும் இடத்தில் ஒரு மனிதன் வேண்டும் என்பதில் தாத்தா சரி. மனிதன் தடுமாறும் இடத்தில் ரூல் வேண்டும் என்பதில் ஏழுமுதல்ஒன்பது சரி. ஒரு ஆட்டத்தை வடிவமைப்பவர் முடிவு செய்ய வேண்டியது, தன் ஆட்டத்தில் மனிதன் எங்கே தடுமாறுவான் என்பதைத்தான்.

#10 எண்கணக்கு

சுவடி அக்கா எழுதினால் வேலையை விட்டுவிட்டுப் படிக்க வேண்டியிருக்கிறது.

தடுமாறும் இடம் ஒன்று நான் சொல்கிறேன்: திரும்பத் திரும்ப உருட்டச் சொல்வது. காவல் முகாமைத் தாண்டிப் பதுங்கிப் போகிறார்கள். வேலியருகே ஒன்று, முற்றத்தில் ஒன்று, கதவருகே ஒன்று என்று மூன்று முறை உருட்ட வைக்கிறோம். ஒவ்வொன்றும் 80 சதவீதம் என்று தாராளமாகக் கொடுத்தாலும் மூன்றும் தேற 51 சதவீதம்தான். ஐந்து முறை என்றால் 33. டிஎம் தான் கெடுதல் செய்வதாக நினைக்கவே மாட்டார், விறுவிறுப்புக் கூட்டுவதாக நினைப்பார். லூக் கிரேனின் பர்னிங் வீல் ஆட்டத்தில் இதற்கென்றே ஒரு விதி உண்டு: ஒரு முறை உருட்டினால் சூழ்நிலை பெரிதாக மாறும்வரை அந்த முடிவே நிற்கும், மறுபடி கேட்கக் கூடாது. பிளேயரும் கெஞ்சக் கூடாது, ஜிஎம்மும் துருவக் கூடாது.

#11 சீட்டுக்கட்டு

ஜிஎம்மே இல்லாமல் ஆடினால் இந்தத் தலைவலியே இல்லையே. ஃபியாஸ்கோ 2009லிருந்து இருக்கிறது. யாருக்கும் முன்தயாரிப்பு வேண்டாம்.

#12 ஏழுமுதல்ஒன்பது

சீட்டுக்கட்டு, ஃபியாஸ்கோ எனக்கும் பிடிக்கும். ஆனால் அங்கே ஜிஎம் வேலை காணாமல் போகவில்லை, பங்கு போட்டிருக்கிறார்கள். உன் முறை வந்தால், காட்சியை நீ அமைக்கலாம், அல்லது அது நல்லதாக முடிகிறதா கெட்டதாகவா என்று நீ முடிவு செய்யலாம். இரண்டையும் செய்ய முடியாது. மற்றதை மேசையில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சிக்கலை உருவாக்குபவனே அதைத் தீர்க்கவும் செய்தால் சுவாரசியம் செத்துவிடும் என்று அதைச் செய்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

கதவுக்காரன் ஒரே ஆளாக ஓகரை வைத்தார், ஓகருக்காக உருட்டினார், விழுந்ததை அவரே படித்தார், என்ன விழுந்தது என்று அவரே அறிவித்தார். நான்கு பேர் வேலை.

#13 கதவுக்காரன்

அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சரி, டிஎன்டியை விட்டுவிட்டு வேறு ஆட்டத்துக்குப் போ என்று சொல்லாதீர்கள். நண்பர்கள் புத்தகம் வாங்கிவிட்டார்கள், கேரக்டர் படம்கூட வரைந்துவிட்டார்கள். இருப்பதை வைத்து வரும் ஞாயிறு என்ன செய்யலாம்?

#14 சீட்டுக்கட்டு

பூனைக்கு என்ன ஆச்சு என்று முதலில் சொல்லுங்கள்.

#15 மட்டுறுத்துநர்

பூனைக்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளலாம். :)

#16 ஏழுமுதல்ஒன்பது

ஆட்டத்தை மாற்ற வேண்டாம். ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் தி டார்க்கிலிருந்து (2017) ஒரே ஒரு பழக்கத்தைக் கடன் வாங்குங்கள். அங்கே உருட்டுவதற்கு முன்னால் ஜிஎம் நிலைமையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்: கட்டுக்குள் இருக்கிறதா, ஆபத்தா, கை மீறிய நிலையா, ஜெயித்தால் எவ்வளவு பலன். பிடிக்கவில்லை என்றால் பிளேயர் வேறு வழி யோசிக்கலாம்.

ஓகர் திரும்பும்போது, ‘இது உன்னை அடித்தால் நீ விழுவாய், பலமாக அடித்தால் இங்கேயே சாவாய், என்ன செய்கிறாய்?’ என்று கேட்டுவிடுங்கள். அப்புறம் எல்லோர் கண் முன்னாலும் உருட்டுங்கள். அவள் ஓடலாம், நண்பன் குறுக்கே பாயலாம், நின்று சாகலாம். எதுவானாலும் அவர்கள் எடுத்த முடிவு. இப்படி வாய்விட்டுச் சொல்லும்போதே உங்கள் நாக்கு தடுமாறினால் அந்த உருட்டலைக் கேட்காதீர்கள்.

#17 நிலவறைத்தாத்தா

இதில் எனக்கு முழுச் சம்மதம். நாங்கள் இதற்கு ஒரு பெயரும் வைக்கவில்லை, அவ்வளவுதான். ஓகரின் மூச்சு உன் முகத்தில் படுகிறது என்று சொன்னாலே விவரம் தெரிந்தவன் ஓடிவிடுவான்.

#18 மூன்றுஉயிர்

விவரம் தெரியாத புது ஆளுக்குத்தான் எண்ணோடு சேர்த்துச் சொல்ல வேண்டும், தாத்தா. மூச்சு படுகிறது என்றால் அது வர்ணனை என்று நினைத்து ரசித்துக்கொண்டிருப்போம். என் முதல் கேரக்டர் அப்படித்தான் போனான்.

#19 கதவுக்காரன்

ஞாயிறு முடிந்தது.

முதலில் மேசையில் எல்லோரிடமும் 20ஐ மறைத்ததைச் சொல்லிவிட்டேன். அத்தை மகள் அழுவாளோ என்று பயந்தேன். “செத்தா செத்துட்டுப் போறேன், அடுத்த ஆளுக்குப் பேரே வெச்சுட்டேன்” என்றாள். அவளுக்காகப் பொய் சொல்கிறேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், எனக்குச் செஷன் கெடக் கூடாது என்ற கவலைதான் இருந்திருக்கிறது.

ஸ்கிரீனை மடித்து வைத்தோம். கிடங்கில் இரண்டு காவலாளிகள், தப்பி வந்த ஓகர். ஏழுமுதல்ஒன்பது சொன்ன மாதிரியே சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் ஒரு நிமிடம் கத்திச் சண்டை போட்டார்கள், கேரக்டர்கள் இல்லை, நிஜ ஆட்கள். என் பகடையைப் பார்த்த அந்த நண்பன் குறுக்கே வந்தான். உருட்டினேன், 17. அவனுடைய ஃபைட்டர் விழுந்தான். சாவுக்கான உருட்டலில் இரண்டு தோல்வி வரைக்கும் போய் (மூன்றானால் சாவு), மூன்றாவது வெற்றி விழுந்து நிலைத்தான். வீடே அதிர்ந்தது, கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்.

துப்பு விஷயம் இன்னும் சரியாக வரவில்லை. இந்த முறை கணக்குப் புத்தகத்தை உருட்டாமலே கொடுத்துவிட்டேன். ஆனால் இரண்டு பேர் ‘நாங்க கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்ச மாதிரியே இல்லை’ என்றார்கள். கொடுத்தால் சப்பென்று இருக்கிறது, மறைத்தால் மாட்டிக்கொள்கிறது.

#20 சுவடி

புத்தகத்தைக் கொடுங்கள், அதை எடுக்கும்போது யார் பார்த்தார்கள் என்பதற்கு உருட்டச் சொல்லுங்கள். கேள்வியைத் துப்பிலிருந்து நகர்த்தி, அதற்கான விலையில் வைத்துவிடுங்கள்.

#21 கதவுக்காரன்

ஓ. அடுத்த வாரம் துறைமுக அதிகாரியின் வீடு, இதை அங்கேயே சோதித்துப் பார்க்கிறேன்.

அப்புறம் சீட்டுக்கட்டு, பூனை இப்போது குழுவோடுதான் இருக்கிறது. ட்ரூயிட் விட மாட்டேன் என்கிறான்.